வலம் வந்த வண்டி

சிங்காநல்லூர்
13.10.2024

மதிப்பிற்குரிய ஜெரோம் அவர்களுக்கு,

வணக்கம். நான் மாசாணம், உங்கள் தங்கை கிருபாவின் கணவன். நாங்கள் இருவரும் நலம். அருணாசலப் பிரதேச மலையில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும். உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மச்சான் என்று எழுதத்தான் ஆசை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நீங்கள் எங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதால், அந்த உரிமையை நானாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் எழுதுவது கிருபாவுக்குத் தெரியாது. முகவரியை அவளுடைய டிரங்குப் பெட்டியில் இருந்த உங்கள் பழைய உறை ஒன்றிலிருந்து எடுத்தேன்.

பதினோரு வருடமாக நான் அடுத்தவர் பொக்லைனை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு வண்டி வாங்குவது என்று நானும் கிருபாவும் முடிவு செய்திருக்கிறோம். கொடுமுடிக்குப் பக்கத்தில் தம்பிதுரை என்ற தோப்புக்காரரிடம் ஒரு பழைய புல்டோசர் நிற்கிறது. அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்ததாம். அப்பா போன பிறகு மகனுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாராபுரம் பக்கம் மேட்டுக்காடு வைத்திருப்பவர்கள் எல்லாம் நிலத்தைச் சமன் செய்ய டோசருக்குக் காத்துக் கிடக்கிறார்கள். வண்டி மட்டும் நல்லதாக அமைந்துவிட்டால் வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆயுத பூஜையன்று போய்ப் பார்த்தேன். என்னவென்று சொல்வது! மஞ்சள் பெயின்ட் கண்ணைப் பறிக்கிறது. பிளேடு முழுக்கச் சந்தனம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தோப்புக்குள் இருக்கும் பிள்ளையார் கோயிலை மூன்று சுற்று வலம் வந்தது. நான்தான் செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அது எந்தக் கம்பெனி வண்டி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைதான் இருக்கிறது. தம்பிதுரை ஜப்பான் என்கிறார், அவர் மனைவி பாப்பாயி அம்மா ரஷ்யா என்கிறார்.

இதற்காக நாங்கள் விற்கப்போவது, அத்தை, அதாவது உங்கள் அம்மா, கிருபா பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன தாராபுரம் மனையை. நீங்கள் முதல் சம்பளத்தில் சுற்றுச்சுவர் கட்டிய மனை. வண்டி சரியில்லாமல் போனால் மனையும் இல்லாமல் வண்டியும் இல்லாமல் நிற்போம். எனக்குப் பொக்லைன் தெரியும், டோசர் தெரியாது. நீங்கள் இருபது வருடமாக மலைச் சாலை போடும் வேலையில் டோசரில் உட்கார்ந்தவர். எப்படிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

பதிலை எதிர்நோக்கும்,
மாசாணம்


மேல் முகாம்
03.11.2024

திரு. மாசாணம் அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதம் பதினாறு நாளில் வந்தது.

ஆயுத பூஜையன்று வண்டி பார்க்கப் போன ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அன்றைக்கு எந்த வண்டிதான் அழகாக இல்லை? கழுவிப் பெயின்ட் அடித்த வண்டியில் ஆயில் எங்கே ஒழுகுகிறது, இரும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது, ஒன்றும் தெரியாது. கும்பிட்டுவிட்டு வரத்தான் முடியும்.

தூசி படிந்த பிறகு இன்னொரு முறை போங்கள். அவர்கள் கிளப்புவதற்கு முன்னால் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். ஆறிக் கிடக்கும் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, எவ்வளவு நேரம் என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதுதான் முக்கியம். சூடான எஞ்சின் எல்லாருக்கும் நல்ல பிள்ளை.

அது என்ன வண்டி என்று பெயின்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பின்பக்கம், வலது கைப்பக்கச் சட்டத்தில் எண் வெட்டியிருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் பெயின்டைச் சுரண்டுங்கள். மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும். அந்தக் காகிதத்தை அப்படியே அனுப்புங்கள். செயினை இழுக்கிற பல்சக்கரம் இரண்டு பக்கமும் இருக்கும். பல்லுக்குப் பின்னால் நோட்டு அட்டையை வைத்து, பல்லின் வடிவத்தை வரைந்து வெட்டி அனுப்புங்கள். இடது வலது என்று எழுதிவையுங்கள். ஒரு பக்கம் கீழே எத்தனை ரோலர் என்று எண்ணுங்கள். ஆயில் குச்சியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மை உறிஞ்சும் தாளில் விட்டு, காய்ந்த பிறகு உறையில் போடுங்கள்.

இங்கே டவர் கிடையாது. மாதம் ஒரு முறை கீழே இறங்கினால் போன் பேசலாம். ஆனால் ஆயில் சொட்டைப் போனில் அனுப்ப முடியாது என்பதால் கடிதமே சரி. நான் பார்த்துப் பதில் எழுதும்வரை முன்பணம், வெற்றிலை பாக்கு எதையும் மாற்றிவிட வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்கள் நலம் என்று நம்புகிறேன்.

ஜெரோம்


சிங்காநல்லூர்
20.11.2024

அன்புள்ள ஜெரோம் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். மழை நின்றுவிட்டது, எனக்குச் சளி நிற்கவில்லை. நீங்கள் பதில் போட்டதே பெரிது. திட்டியதையும் சேர்த்துச் சந்தோஷமாகப் படித்தேன்.

நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் செய்துவிட்டேன், ஒன்றைத் தவிர. எஞ்சின் சில்லென்று இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து, ஈரோட்டில் மாறி, எட்டு மணிக்கெல்லாம் தோப்பில் இருந்தோம். பாப்பாயி அம்மா வாசலுக்கே வந்து, “வாங்க கண்ணு, நீங்க வந்து காத்துட்டு நிக்கக் கூடாதுன்னு வெடியக்காலமே கெளப்பி வெச்சுட்டமுங்க” என்றார். விருந்தாளி வருகிறார்கள் என்று அடுப்பு மூட்டுவது போல எஞ்சினை மூட்டிவைத்திருக்கிறார்கள். இவ்வளவு மரியாதை செய்கிறவர்களிடம் அதை அணைத்துவிட்டு ஆறவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? இட்லி வேறு வைத்துவிட்டார்கள். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள், வண்டியை ஒரு முறை பிள்ளையாரைச் சுற்றவிட்டுக் காட்டினார் தம்பிதுரை. சும்மா பூனை மாதிரி போகிறது.

எண்ணைத் தேய்த்தெடுத்த காகிதம், அட்டையில் வெட்டிய இரண்டு பல், ஆயில் சொட்டு மூன்றும் உள்ளே இருக்கின்றன. தனித் தாளில் அளவுகள் எழுதியிருக்கின்றன. எல்லாம் நானே எடுத்தது. வண்டி ஓடியது நாலாயிரத்துச் சொச்சம் மணி நேரம் என்று மீட்டர் காட்டுகிறது. ஆனால் பிரேக் பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு மின்னுகிறது. இதையும் எழுதச் சொன்னார்கள். அதாவது, எழுதத் தோன்றியது.

மனைக்கு ஆள் கேட்டு வந்திருக்கிறார். தை மாதத்துக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்.

உங்கள் நலம் நாடும்,
மாசாணம்


மேல் முகாம்
08.12.2024

மாசாணம் அவர்களுக்கு,

நலம். உறையைப் பிரித்ததும் கூடாரம் முழுக்க ஆயில் வாசனை. தபால் பிரிக்கிறவர் என்னிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

முதலில் நல்ல சேதி. வண்டி ஜப்பானும் அல்ல, ரஷ்யாவும் அல்ல. வெளிநாட்டு வரைபடத்தை வைத்து நம் நாட்டிலேயே செய்தது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தும், கீழே ஆறு ரோலர் இருப்பதும், பல்லுக்குப் பல் உள்ள தூரமும் ஒத்துப்போகின்றன. தொண்ணூற்றாறிலோ ஏழிலோ செய்திருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து முதல் ஒன்பது வருடம் இதே மாடலைத்தான் ஓட்டினேன். சாமான்கள் சிங்காநல்லூரிலேயே கிடைக்கும். ஆயில் சொட்டும் பரவாயில்லை. நடுவில் கறுப்பு, சுற்றிலும் மங்கல், ஓரத்தில் தண்ணீர் வளையம் இல்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கவில்லை. மீட்டரை நம்ப வேண்டாம், பெடலை நம்புங்கள். அது பன்னிரண்டாயிரம் மணியாவது ஓடிய வண்டி. அதனால் ஒன்றும் மோசமில்லை.

இனிமேல்தான் கேள்வி. இரண்டு அட்டைகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இடதுபக்கப் பல் வலதைவிட நன்றாகவே மெலிந்திருக்கிறது. இடதுபக்கச் செயின் வலதைவிட நிறைய தூரம் ஓடியிருந்தால்தான் இப்படி ஆகும். வலப்பக்கம் திரும்பும்போதுதான் இடதுபக்கச் செயின் அதிக தூரம் ஓடும். அப்படியென்றால் இந்த வண்டி பல வருடமாக வலப்பக்கம் மட்டுமே திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆயுத பூஜைக்கு மூன்று சுற்று, இட்லி சாப்பிடும்போது ஒரு சுற்று. எல்லாம் வலம்தானே? ஒரு தடவையாவது அதை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தீர்களா?

டோசருக்கு ஸ்டியரிங் சக்கரம் இல்லை. இடது கைப்பிடியை இழுத்தால் இடதுபக்கக் கிளட்ச் விடுபட்டு, அந்தச் செயின் நிற்க வேண்டும். அது நின்றால்தான் வண்டி இடப்பக்கம் திரும்பும். அந்தக் கிளட்ச் போயிருந்தால் பெரிய செலவு. இது தெரியாமல் மனையை விற்க வேண்டாம்.

அளவுகளை நீங்களே எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பல்லின் கனத்தை மில்லிமீட்டரில், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை எழுதியிருக்கிறது. ஏழுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறது. அளவெடுத்தவருக்கு என் பாராட்டைச் சொல்லவும்.

ஜெரோம்


சிங்காநல்லூர்
23.12.2024

அன்புள்ள ஜெரோம் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மலையில் கேக் கிடைக்குமா தெரியவில்லை. கிருபா செய்த அதிரசத்தை அனுப்பலாம் என்று பார்த்தேன், ஆயில் வாசனைக்கு அதுவும் ஆகாது.

பிடிபட்டுவிட்டேன். உங்கள் முதல் பதில் வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோனது. உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்தவள், தபாலை மேசையில் வைத்துவிட்டுப் போய் ஒரு குடம் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்துதான் பேசினாள். அவள் பம்ப்செட் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். நோட்டு அட்டையோடு கனம் அளக்கும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீங்கள் பாராட்டியதை வாசித்துக் காட்டினேன். அன்றைக்குச் சோற்றில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

நீங்கள் கேட்டது உண்மை. வண்டி இடப்பக்கம் திரும்பி நான் பார்த்ததே இல்லை. அது என் மண்டையில் ஏறவே இல்லை. கோயிலைச் சுற்றுகிற வண்டி வேறு எப்படிச் சுற்றும்? நான் வலம் வருவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேனே தவிர, திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பிதுரையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. “ஏனுங்க, புள்ளையாரை எடமாச் சுத்தச் சொல்றீங்களா? எழவு ஊட்டுலதானுங்க அப்படிச் சுத்துவாங்க” என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் எனக்குக் கிடைத்த வசவைத் தனித் தாளில் எழுத வேண்டும். “அண்ணன் திருப்பச் சொன்னது வண்டியை. சாமியை இல்லீங்க” என்கிறாள். பொங்கல் கழிந்து அவளே போய்ப் பேசப்போகிறாளாம்.

சேலத்துக்காரர் ஒருவரும் வண்டியைப் பார்க்க வருகிறார் என்று கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது, வண்டி போய்விடுமோ என்று பாதி, வந்துவிடுமோ என்று பாதி.

உள்ளே ஒரு தாள் இருக்கிறது. அதில் இருப்பது ரோலர் அளவு.

அன்புடன்,
மாசாணம்

(உள்ளே இருந்த தாளில், ரோலர் அளவுகளுக்குக் கீழே: கல்லறைத் திருநாளன்று அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. இரண்டு மெழுகுவத்தி.)


சிங்காநல்லூர்
21.01.2025

அன்புள்ள ஜெரோம் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்களிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பனிச்சரிவு என்று டிவியில் ஏதாவது வந்தால் கிருபா சத்தத்தைக் கூட்டுகிறாள். முடிந்ததும் குறைத்துவிடுகிறாள். நலம் என்று ஒரு வரி மட்டும் போட்டால் போதும்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் கொடுமுடிக்குப் போனோம். கிருபா தம்பிதுரையிடம் பேசவே இல்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய்ப் பாப்பாயி அம்மாவோடு அரை மணி நேரம் இருந்தாள். அவர் வெளியே வந்து கணவரிடம், வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் காடு உழாமல் சும்மாதான் கிடக்கிறது, அங்கே கோயிலும் இல்லை குளமும் இல்லை, அங்கே கொண்டுபோய் எந்தப்பக்கம் வேண்டுமானாலும் திருப்பட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் என்ன சொல்வார்?

காட்டுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. கேட் வண்டிக்கு இடதுகைப் பக்கம் இருக்கிறது. வண்டி இடப்பக்கம் திரும்பாமல், வலப்பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்துச் சுற்றிக் கேட்டுக்கு வந்தது. பாப்பாயி அம்மா சிரித்துக்கொண்டே, “எப்பவும் இப்படித்தானுங்க வரும், இதுக்குப் பழக்கம்” என்றார். கிருபா என்னைப் பார்த்தாள். காட்டில் நானே ஏறி இடது கைப்பிடியை நெஞ்சுவரை இழுத்தேன். வண்டி நேராகவே போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் எஞ்சின்தான் அணைகிறது.

தம்பிதுரை கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் தப்பாக நினைத்திருந்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அப்பா காலத்திலிருந்து வலப்பக்கம் சுற்றியே வேலை வாங்கியிருக்கிறார்கள், அது வண்டியின் குணம் என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாள் வந்த சேலத்துக்காரர் மூன்று சுற்றைப் பார்த்துவிட்டு அப்போதே முடிக்கத் தயாராக இருந்தாராம். இவர்தான், “ஏமாத்தி வித்தா ஒட்டாதுங்க, எடப்பக்கம் திரும்பாதுங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு மனசே விட்டுப்போயிற்று. போதும், பொக்லைனையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் கடிதம் வரட்டும், அதுவரை ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம் என்கிறாள் கிருபா. மனைக்காரருக்கும் ஒரு மாதம் தவணை சொல்லியிருக்கிறாள். வண்டிக்காக மட்டும் அவள் அந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் எழுதியது தப்பென்றால் மன்னித்துவிடுங்கள்.

மாசாணம்


மேல் முகாம்
06.02.2025

மாசாணத்துக்கு,

நலம். கை கால் எல்லாம் இருக்கிறது. டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை. இழுத்தும் விடாத கிளட்ச் தேய்ந்துபோன கிளட்ச் அல்ல, ஒட்டிக்கொண்ட கிளட்ச். வண்டி எப்போதும் நிற்கும் இடத்தில் வாய்க்கால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடதுபக்கமாகத்தான் இருக்கும். ஈரம் ஏறி உள்ளே தகடுகள் துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும்.

இடது கிளட்ச் பெட்டிக்கு அடியில் ஒரு போல்ட்டு இருக்கிறது. அதைக் கழற்றுங்கள். ஆயில் கொட்டினால் சீல் போய்விட்டது, முழுக்கப் பிரிக்க வேண்டும், நீங்கள் ஊருக்குப் பஸ் ஏறலாம். துருப்பொடி மட்டும் உதிர்ந்தால் அதிர்ஷ்டம். அப்போது இப்படிச் செய்யுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். பிளேடை ஒரு பெரிய மண்மேட்டில் முட்டக் கொடுத்து, இடது கைப்பிடியை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிரேக்கை விட்டுவிட்டு மிதியுங்கள். பத்துத் தடவையில் நடக்கலாம், நூறு தடவையும் ஆகலாம். வண்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. விடும்போது வண்டி சட்டென்று இடப்பக்கம் வெட்டும்.

விடுபட்டால் அது நல்ல வண்டி. விடவில்லையென்றால் தம்பிதுரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். வாங்குவதா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. மனைக்குச் சொந்தக்காரி சொல்லட்டும்.

எழுதியது தப்பில்லை மாப்பிள்ளை. உள்ளே ஒட்டிவைத்திருக்கும் உறையை அவளிடம் பிரிக்காமல் கொடுக்கவும்.

ஜெரோம்


மேல் முகாம்
06.02.2025

கிருபாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமா? இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்திலும் உன் பெயரைப் போட்டு இதைக் கேட்க எனக்குக் கை வரவில்லை.

ஏன் பதில் போடவில்லை என்றால், சாலை அடைத்துவிட்டது என்று எழுதலாம் என்று நினைத்தேன். அது பொய். தபால் வண்டி இரண்டு முறை இறங்கிப்போனது. இரண்டு மெழுகுவத்தி என்று எழுதியிருந்தாயே, ஒன்று என் பங்குக்கு என்று புரிந்தது, அதைப் படித்த பிறகு வண்டியைப் பற்றி மட்டும் எழுதி அனுப்ப முடியவில்லை. வேறு எதை எழுதினாலும் கிழித்துப்போட வேண்டியதாக இருந்தது.

நீ மாசாணத்தைக் கட்டியது எனக்குப் பெரிய விஷயமில்லை. கோயிலில் கட்டியிருந்தாலும் சரி, ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டியிருந்தாலும் சரி. உனக்கு மாப்பிள்ளை பேசி முடிக்க நான் லீவு போட்டு, நாலு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தேன். வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார், உனக்குக் கல்யாணமாகி ஒரு வாரம் ஆகிறது என்று. கையில் உனக்கு வாங்கிய சேலை இருந்தது. ஏன் கண்ணு எனக்குச் சொல்லவில்லை? அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த மனையை நீ விற்கலாம், வைத்துக்கொள்ளலாம். சுவரை நினைத்துத் தயங்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெரோம் அண்ணன்


சிங்காநல்லூர்
24.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலமாக இருக்கிறேன் அண்ணா. நலமா என்று நீங்கள் கேட்ட கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதினேன் அண்ணா. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே கடிதம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். போடவில்லை. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். நீங்கள் வளர்த்த பிள்ளை, எனக்கு வேறு வழி தெரியாது. அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. உங்களை மதிக்காமல் செய்ததில்லை, மதித்ததால்தான் இந்தக் கோழைத்தனம். அன்றைக்கு உங்களை வாசலிலேயே நிற்க வைத்ததற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. மன்னித்துவிடுங்கள்.

நேற்று கொடுமுடிக்குப் போனோம். வாய்க்கால் இடதுபக்கம்தான் அண்ணா. இவர் போல்ட்டைக் கழற்றினார். அடியில் நான் ஒரு தட்டு வைத்தேன். சிவப்பாகத் துருப்பொடி மட்டும் விழுந்தது, ஒரு சொட்டு ஆயில் இல்லை. தம்பிதுரை அண்ணன் தன் காட்டில் கிணறு வெட்டிப் போட்டிருந்த மண்மேட்டைக் காட்டினார். ஒரு மணி நேரம் சூடேற்றிவிட்டு முட்டக் கொடுத்தோம். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். நான் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது தாண்டியதும் இவர் கை தளர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்து, விட்டுவிடலாமா என்பது போலத் தலையை ஆட்டினார். நான் முடியாது என்று ஆட்டினேன். அறுபத்து மூன்றாவதில் உள்ளே ஏதோ உடைவது போல ஒரு சத்தம். வண்டி அப்படியே இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. பாப்பாயி அம்மா, “ஆத்தாடி, திரும்பிப்போட்டுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் இறங்கவே இல்லை. காடு முழுக்க இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தார். டீசல் தீரும்வரை விடமாட்டார் போல என்று தம்பிதுரை அண்ணனே போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு எஞ்சினை ஆறவிட்டு, மாலையில் நானே கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளப்பச் சொன்னேன். இரண்டாம் முயற்சியில் கிளம்பியது. கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, பிறகு சுத்தம்.

முடிவு செய்துவிட்டேன் அண்ணா. மார்ச் மூன்றாம் தேதி திங்கட்கிழமை மனையை எழுதிக் கொடுக்கிறேன். அன்றைக்கே வண்டியை எங்கள் பெயருக்கு எழுதிக்கொள்கிறோம். இது சரியாக வராமலும் போகலாம். எனக்குத் தெரியும். அம்மா விட்டுப்போனது இது ஒன்றுதான் என்பதும் தெரியும். சுவரைப் பார்க்க ஒரு தடவை தாராபுரம் போய் வந்தேன், உங்கள் பூச்சு ஒரு இடத்தில்கூட விரிசல் விடவில்லை.

இது அனுமதி கேட்டு எழுதும் கடிதம் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றாலும் வாங்குவேன். இப்போது எனக்கு அந்தத் தைரியம் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை, பத்திரம் எழுதுவதற்கு முன்னால், முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை இன்றைக்கே நானே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன், பையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

குளிருக்குக் காது மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
கிருபா


மேல் முகாம்
11.03.2025

அன்புள்ள கிருபாவுக்கு,

நலம். காது மூடியிருக்கிறேன். பனி கரையத் தொடங்கிவிட்டது, வேலை அதிகம். மாப்பிள்ளையிடம் சொல், இடப்பக்கமாகச் சுற்றித் தலைசுற்றல் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. தினமும் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் திருப்பிவிட்டுத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். வாய்க்கால் பக்கம் நிறுத்தவே கூடாது. பல்சக்கரத்தை இடமும் வலமும் மாற்றிப் போடலாம், இன்னும் மூவாயிரம் மணி நேரம் வரும். மே மாதம் எனக்கு நாற்பது நாள் லீவு. நான் வந்து கூட இருந்து மாற்றித் தருகிறேன். அதுவரை மெதுவாக ஓட்டச் சொல்.

உன் கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. நீ பத்திரம் எழுதி எட்டு நாள் ஆகியிருக்கும். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் வழியில்லை. முத்திரையைப் பார்த்தேன், இருபத்து நான்காம் தேதி சிங்காநல்லூர் என்று தெளிவாக விழுந்திருக்கிறது. எழுதிய அன்றைக்கே போட்டிருக்கிறாய். இங்கே எல்லாரிடமும் அந்த முத்திரையைக் காட்டிவிட்டேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். என் தங்கை ஒரு காரியம் செய்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்கிறாள் என்றேன். அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

அனுமதி கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லது, கேட்க வேண்டாம். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்னால் உன் பையிலேயே இருந்துவிட்ட கடிதத்துக்கும் நான் இன்னும் பதில் போடவில்லை. அது வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இத்தனை நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்திருக்கும். இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதியிருப்பேன். அதையும் இதையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

சரி, கண்ணு.

உன் அண்ணன்,
ஜெரோம்